காஞ்சொறி ஊரும் நீலப் பொட்டலமும்

பிராங்பர்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மேல் வீட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. குரோஷியாக்காரர். யூகோஸ்லாவியாவும் மேற்கு ஜெர்மனியும் 1968-இல் தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு ரயிலேறி வந்த பெருங்கூட்டத்தில் ஒருவர். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், ரசம் தாளித்த வாசனை மாடிப்படி ஏறிப்போய் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சற்று நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துகொண்டே திறந்தேன். கையில் ஒரு நீலப் பொட்டலத்தோடு நின்றார்.

"நீ என்ன சமைக்கிறேன்னு தெரியல. எதுவா இருந்தாலும் இதுல ஒரு ஸ்பூன் போடு, சினே."

சினே என்றால் அவர்கள் பேச்சில் 'மகனே'. பிள்ளையோ பெண்ணோ, இளையவர்களை அப்படிக் கூப்பிடுவது அங்கே வழக்கமாம். பொட்டலத்தின் மேல் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் படம், பெரிய எழுத்தில் 'வெகெட்டா'. பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் பூத்த உப்புப் பொடி, நடுநடுவே ஆரஞ்சுத் துணுக்கும் பச்சைத் துணுக்கும். காரட், பார்ஸ்னிப் கிழங்கு, வெங்காயம், செலரி, பார்ஸ்லி இலை எல்லாவற்றையும் காயவைத்து நறுக்கி உப்போடு கலந்தது. கூடவே அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் சுவைகூட்டி. ரசத்தில் போடவில்லை, மன்னிக்கவும். ஆனால் உருளைக்கிழங்கு வறுவலில் போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பொட்டலம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது: கொப்ரிவ்னிட்சா. அந்த அம்மாவின் கிராமம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். "போறதா இருந்தா குளிர்காலத்துல போ. வெயில் காலத்துல போனா உன்கூடப் பேச ஒருத்தருக்கும் நேரம் இருக்காது" என்றார். போன ஜனவரியில் போனேன். சொல்லிச் சொல்லி நண்பர்களுக்குச் சலித்துவிட்டதால் இப்போது இங்கே எழுதுகிறேன்.

குரோஷியா என்றால் நம் ஆட்கள் கடற்கரைக்குத்தான் போவார்கள். துப்ரோவ்னிக், ஸ்பிளிட், நீலக் கடல், அப்புறம் ஒரு செல்ஃபி. கொப்ரிவ்னிட்சா அதற்கு நேர் எதிர்த் திசையில், வடகிழக்கே, ஹங்கேரி எல்லையை ஒட்டி இருக்கிறது. தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து ரயில். வடக்கே டிராவா நதி, தெற்கே பிலோகோரா என்னும் தாழ்ந்த குன்றுகள், நடுவில் சப்பென்று பரந்த சமவெளி. டிராவாக் கரைப் பூமி என்பதால் இந்த வட்டாரத்துக்குப் பொட்ராவினா என்று பெயர். ஜன்னலுக்கு வெளியே அறுத்துவிட்ட மக்காச்சோள வயல், அதன்மேல் பனி, பனியின்மேல் காகம். ஒன்றரை மணி நேரம் இதே காட்சிதான். சலிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த வெள்ளை வயலும் கறுப்புக் காகமும் பிறகு வேறோர் இடத்தில் என் எதிரே வந்து நிற்கப்போகின்றன என்று அப்போது தெரியாது.

'கொப்ரிவா' என்றால் தொட்டால் சுரீரென்று அரிக்கும் செடி. நம் ஊர்க் காஞ்சொறி மாதிரி. ஆக இந்த ஊர் காஞ்சொறியூர். அந்தச் செடியின் இளங்கொழுந்தைக் கிள்ளி வேகவைத்துச் சாறு வைப்பார்கள், கீரை மாதிரிக் கடைவார்கள். வெந்நீர் பட்டால் அரிப்பு போய்விடும். தொட்டால் கடிக்கிற செடியையே தின்னக் கற்றுக்கொண்டவர்கள் எவ்வளவு பசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஊரின் வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1356-இல் ஹங்கேரி-குரோஷிய மன்னர் முதலாம் லூயி இதைச் சுதந்திர அரச நகரமாக்கிப் பட்டயம் கொடுத்தார். சந்தை நடத்தவும் தன்னைத் தானே ஆளவும் உரிமை. பிறகு ஒட்டோமான் படைகள் நெருங்கி வந்ததும் ஊர் எல்லைக்காவல் கோட்டையானது. வியாபாரி குடியிருந்த இடத்தில் சிப்பாய் வந்து உட்கார்ந்தான். இப்போது கோட்டையில் மிச்சமிருப்பது மண்மேடும் அகழித் தடமும்தான். ஆகஸ்ட் கடைசியில் அங்கே மறுமலர்ச்சிக் காலத் திருவிழா நடத்துகிறார்கள். கவசம் போட்ட வீரர்கள், கொல்லர்கள், கூடாரங்கள், நெருப்பில் வாட்டிய இறைச்சி. கோட்டைதான் பார்க்கவேண்டும் என்றால் குரோஷியாவில் இதைவிட நல்ல கோட்டைகள் ஏராளம். 1870-இல் ஸாக்ரெப்பையும் ஹங்கேரியையும் இணைத்து இந்த வழியாக ரயில் வந்தது. இன்றைய ஊரை அந்தத் தண்டவாளம் உண்டாக்கியது என்பேன்.

தண்டவாளம் வந்த இடத்துக்குத் தொழிற்சாலையும் வரும். 1934-இல் மரியான், மத்தியா என்ற வோல்ஃப் சகோதரர்கள் இங்கே பழம் பதப்படுத்தும் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பழமரங்கள் நிறைய. பழுத்து விழுவதை என்ன செய்வது? ஜாம் காய்ச்சு. தொடக்கம் அவ்வளவுதான். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அது அரசுடைமையானது. 1947-இல் 'பொட்ராவ்கா' என்று பெயர் வைத்தார்கள். பொட்ராவினாக்காரி என்று பொருள். ஒரு தொழிற்சாலைக்குப் பெண்பெயர், அதுவும் கிராமத்துப் பெண்ணின் பெயர். இன்றுவரை நிறுவனத்தின் சின்னம் சிவப்பு இதயம்.

1957-இல் பொட்டல சூப் போட்டார்கள். கோழிச் சாறும் சேமியாவும். வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த நீலப் பொட்டலம்தான். அதை உண்டாக்கியவர் பெயர் ஸ்லாட்டா பார்ட்ல்.

அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1920-இல் பொஸ்னியாவில் திராவ்னிக் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஸாக்ரெப்பில் வேதியியலும் இயற்பியலும் படித்துவிட்டு சரயேவோவில் ஆசிரியையாக இருந்தார். 1945-இல் ஆட்சி மாறியது. போர்க்காலத்தில் ஆண்ட பாசிச உஸ்தாஷாக்களின் இளைஞர் அமைப்பில் இருந்தார் என்று எட்டு வருஷச் சிறை விதிக்கப்பட்டது. உள்ளே முதுகெலும்பில் காசநோய். அடுத்த ஆண்டே வெளியே விட்டார்கள், ஆனால் படுத்த படுக்கையாக. எழுந்து நடந்து, 1955-இல் இந்தச் சின்ன ஊரின் சூப் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் வந்து சேர்ந்தார். ஒருவேளை வேறு எங்கும் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். நாலு வருஷம் கழித்து, 1959-இல், 'வெகெட்டா 40' என்ற பெயரில் அந்தப் பொடி கடைக்கு வந்தது. ஊரே அவரை 'வெகெட்டா அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தது. 2008-இல் இறந்தார். அந்தப் பொடி இன்று உலகத்தில் எத்தனையோ நாட்டுக் கடைகளில் இருக்கிறது. 1967-இல் ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் முதல் ஏற்றுமதி. ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அதைக் கொண்டுபோனதில் பெரிய பங்கு மேல் வீட்டு அம்மா மாதிரி ஆட்களின் பெட்டிகளுக்கு உண்டு. ஊறுகாய் பாட்டிலோடு விமானம் ஏறுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நிறுவனம் சமையலைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனதும் சுவையான சங்கதி. 1974-இல் 'பெரிய சமையல் வல்லுநர்களின் சின்ன ரகசியங்கள்' என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். சமைப்பவர் ஸ்டெவோ கரபான்ஜா, பக்கத்தில் நின்று கேள்வி கேட்பவர் ஒலிவர் ம்லாக்கர். எல்லாச் சமையலிலும் எந்தப் பொடியை ஒரு ஸ்பூன் போடுவார்கள் என்று நான் சொல்லவேண்டுமா? அந்தப் பழைய பகுதிகளை மேல் வீட்டு அம்மா இன்றைக்கும் போனில் போட்டுப் பார்க்கிறார். விளம்பரம் என்று தெரிந்தே பார்க்கிறார்.

ஊருக்குள் நடந்தால் எல்லாம் அந்தப் பெயராகவே இருக்கிறது. பெண்கள் ஹேண்ட்பால் அணியின் பெயர் பொட்ராவ்கா. முப்பதாயிரம் பேர் அளவே உள்ள ஊரின் பெண்கள் 1996-இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றுவிட்டு வந்தார்கள். கால்பந்து அணி ஸ்லாவென் பெலுப்போ. பெலுப்போ என்பது 1971-இல் இதே நிறுவனத்தின் மடியிலிருந்து இறங்கிய மருந்துக் கம்பெனி. கார்ல்ஸ்பெர்க்கின் மதுவடிசாலையும் இங்கேதான். சூப், மாத்திரை, பீர். ஜுரம் வந்தவனுக்கு ஊரைவிட்டு வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை என்று நான் சொன்னதற்கு விடுதிக்காரர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பல பேர் சொல்லியிருப்பார்கள் போல.

மறுநாள் காலைச் சந்தை. இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்த்தேன். தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி, பழைய ஒயின் புட்டிகளில் பூசணி விதை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். புட்டியில் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடர்சிவப்பு. ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு விரலால் பரப்பிக் காட்டினார். பளீர்ப் பச்சை! கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது. விதையை அரைத்து, உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, வறுத்து, பிறகு ஆட்டுகிறார்கள். வறுத்த வேர்க்கடலை வாசனை. பக்கத்திலேயே கூம்பு கூம்பாகப் பாலாடைக்கட்டி. மிளகாய்ப் பொடியும் பூண்டும் சேர்த்து உருட்டிக் காயவைத்து, புகையில் வாட்டியது. இங்கே அதற்குப் பிர்கா என்று பெயர். ஒன்று வாங்கிக் கடித்தேன், காரம் நமக்குப் போதாது.

பாட்டியிடம் நீலப் பொட்டலம் பற்றிக் கேட்டேன். "என் வீட்ல தோட்டம் இருக்கு, எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு சற்று யோசித்து, "சூப்புக்கு மட்டும் போடுவேன்" என்றார்.

மதியம் ஹ்லெபினே போனேன். கொப்ரிவ்னிட்சாவுக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கிராமம். இந்தக் கிராமத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பொடி என்று ஒன்று இருப்பதையே மறந்திருப்பேன்.

1930-இல் கிர்ஸ்டோ ஹெகெதுஷிச் என்ற ஓவியர் ஸாக்ரெப்பிலிருந்து இங்கே வருகிறார். பாரிசில் படித்தவர், அப்பாவின் ஊர் ஹ்லெபினே, சிறுவயதில் இங்கே ஓடி விளையாடியவர். ஊரில் சொல்லும் கதைப்படி, மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கும் தாளில் யாரோ கிறுக்கியிருந்த படங்களைப் பார்க்கிறார். யார் வரைந்தது என்று கேட்கிறார். ஒரு குடியானவன் வீட்டுப் பையன் என்கிறார்கள். பெயர் இவான் கெனெராலிச், வயது பதினைந்து. இன்னொருவன் ஃபிரான்யோ ம்ராஸ், இருபது. ஹெகெதுஷிச் இருவரையும் சேர்த்துக்கொள்கிறார். அவரும் நண்பர்களும் நடத்திய குழுவின் பெயர் 'ஸெம்ல்யா', அதாவது மண். இடதுசாரிகள். 1931-இல் ஸாக்ரெப்பில் அந்தக் குழுவின் கண்காட்சியில் இந்தக் குடியானவப் பையன்களின் படங்களும் தொங்கின. 1935-இல் போலீஸ் அந்தக் குழுவையே தடைசெய்தது.

ஏன் தடை? கெனெராலிச் 1934-இல் வரைந்த 'ஜப்தி' என்ற படத்தைப் பார்த்தால் புரியும். வரி கட்டாத வீட்டில் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். தூக்கிக்கொண்டு போக அந்த வீட்டில் இருப்பதே கொஞ்சம்தான். அதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1934, வோல்ஃப் சகோதரர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஜாம் காய்ச்ச ஆரம்பித்த அதே வருஷம். பக்கத்து ஜெலெகோவெட்ஸ் ஊரின் மிர்கோ விரியுஸ் இன்னும் ஒரு படி மேலே. 1889-இல் பிறந்த குடியானவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தூரிகை பிடித்தார். பிச்சைக்காரன், சேற்றில் உழல்பவர்கள், கூனிய முதுகுகள். ஒன்றுகூட அழகுக்காக வரைந்ததில்லை. 1943-இல் ஸெமுன் வதைமுகாமில் அவர் செத்துப்போனார்.

இந்தப் படங்களில் பலவற்றைக் கண்ணாடியில்தான் வரைந்தார்கள். அதுவும் கண்ணாடியின் பின்பக்கத்தில். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். பார்ப்பது முன்பக்கம், வரைவது பின்பக்கம். ஆகவே எல்லாம் தலைகீழ்: வலது இடதாகும், கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்யவேண்டும். ஹ்லெபினேயில் ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். சமையலறை மேசைதான் பட்டறை. கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். அது சேவலின் கண்ணில் மின்னும் ஒளி. காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு, அது கண்மணி. அதன்மேல் மஞ்சள் வளையம். அதன்மேல் சிவப்பு, அது முகம். பிறகு கொண்டை, இறகு, வேலி, வீடு, கடைசியாக வானம். தப்பு செய்தால் அழிக்க முடியாது. புள்ளி தப்பினால் வானம் வரை எல்லாமே வீண். ஒவ்வோர் அடுக்கும் காய வேண்டும் என்பதால் ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். "அதனாலதான் குளிர்காலம். உழவு இல்ல, அறுப்பு இல்ல" என்றார்.

ஸாக்ரெப்பில் சுற்றுலாத் தெருக்கடை ஒன்றில் 'கையால் வரைந்தது' என்று சொல்லி என்னிடம் விற்ற ஒரு சின்னப் படத்தை அவரிடம் காட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பி விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். காகிதம் உரிந்து வந்தது. அச்சுப்படம். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி ஊற்றினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரிடமே ஒரு சேவல் வாங்கினேன், அதைவிட மூன்று மடங்கு விலைக்கு.

1968-இல் இந்தக் கிராமத்தில் ஒரு காலரி கட்டினார்கள். அதற்கு முன்பே, 1952-இல், ஸாக்ரெப்பில் குடியானவர் ஓவியத்துக்கென்றே ஒரு காலரி திறந்தாயிற்று. இன்று அதற்குக் குரோஷிய நாயிவ் கலை, அதாவது முறையாக ஓவியம் படிக்காதவர்களின் கலை, அருங்காட்சியகம் என்று பெயர். உலகத்திலேயே இந்த வகையில் முதலாவது என்கிறார்கள். கெனெராலிச் 1953-இல் பாரிசில் காட்சி வைத்தார். அவருக்குப் பின்னால் இவான் வெச்செனாய், மியோ கொவாச்சிச், தபால்காரராக வேலை பார்த்த இவான் லாட்ஸ்கோவிச் என்று வரிசையாக வந்தார்கள். ஹ்லெபினே காலரியில் ஒரு படத்தின் முன் நின்றபோதுதான் என் ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது. வெள்ளை வயல், கறுப்புக் காகம். ரயிலில் சலிப்பாக இருந்த அதே காட்சி இங்கே ஏன் தொண்டையை அடைக்கிறது என்று தெரியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது வண்ணத்துக்கு ஒரு ஈரம் வந்துவிடுகிறது. இப்போதுதான் பெய்து ஓய்ந்தது மாதிரி.

கெனெராலிச்சின் புகழ்பெற்ற படம் ஒன்று 'மான்களின் கல்யாண ஊர்வலம்'. பவளம் மாதிரிக் கிளைத்த மரங்களுக்கு நடுவே மான்கள் வரிசையாகப் போகின்றன. சொப்பனம் மாதிரியான படம். வருஷம் 1959. நீலப் பொட்டலம் கடைக்கு வந்த அதே வருஷம்.

ஒரே வட்டாரம், இரண்டு தேதிகள். 1934-இல் ஜப்தியும் ஜாமும். 1959-இல் மான் கல்யாணமும் சுவைப் பொடியும். இந்த ஒற்றுமை தற்செயல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு என்னால் அந்த ஊரைப் பார்க்க முடியவில்லை. பசித்தவன் தன் பசியை வரைந்த காலம் ஒன்று. வயிறு கொஞ்சம் நிறைந்து, இளைஞர்கள் தொழிற்சாலைக்கும் ஸாக்ரெப்புக்கும் ஜெர்மனிக்கும் போக ஆரம்பித்த காலம் இன்னொன்று. கிராமம் காலியாக ஆக, கிராமத்துப் படத்துக்குக் கிராக்கி ஏறியது. 60-களிலும் 70-களிலும் கண்ணாடி கிடைத்தவரெல்லாம் சேவல் போட்டார்கள். பனி, ஓலைக் கூரை, குதிரை வண்டி, அஸ்தமனம். ஜப்தி அதிகாரியைக் காணோம். அவரைக் காலண்டரில் யார் மாட்டுவார்கள்?

பொடியும் இதையேதான் செய்கிறது என்று எனக்குப் பட்டது. தோட்டத்தில் இருக்கும் காரட்டையும் வெங்காயத்தையும் காயவைத்து, சேற்றைக் கழுவிவிட்டு, எந்த ஊர் அடுக்களையிலும் ஒரு ஸ்பூனில் கிராமத்து மணம் வருகிற மாதிரி அடைத்துக் கொடுக்கிறது. தோட்டம் உள்ள பாட்டிக்கு அது தேவையில்லை. தோட்டத்தை விட்டுவந்த மேல் வீட்டு அம்மாவுக்கு அது இல்லாமல் முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் அலமாரியில் இருக்கும் மசாலாப் பொட்டலங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் ஹ்லெபினே போகிறவர்கள் முப்பதுகளில் வரைந்தவற்றைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு சேவலுக்கு வாருங்கள் என்பேன்.

சேவல் என்றதும் ஒரு கதை. கொப்ரிவ்னிட்சாவிலிருந்து தென்கிழக்கே ஜுர்ஜெவாட்ஸ் என்று ஒரு கோட்டை ஊர். 1552-இல் உலாமா பேக் என்ற ஒட்டோமான் தளபதி முற்றுகையிட்டான் என்கிறது கதை. உள்ளே தீனி தீர்ந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சேவல். அதைப் பீரங்கியில் வைத்து எதிரிமேல் சுட்டார்கள்! சேவலையே குண்டாகப் போடுகிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு சாப்பாடு இருக்கும் என்று பயந்து உலாமா பேக் முற்றுகையை விலக்கினானாம். போகிறபோது "நீங்கள் சேவல்களாகவே போங்கள்" என்று சபித்தானாம். அதிலிருந்து ஊர்க்காரர்களுக்குப் 'பிட்சொக்கி' என்று பெயர், சேவல் பயல்கள் என்று அர்த்தம். 1968-லிருந்து ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் இதை வேஷம் கட்டி நடத்துகிறார்கள். எல்லையோரக் கோட்டை ஊர்கள் பலவற்றிலும் இதுமாதிரிக் கதை இருக்கும். ஆனால் பொட்ராவினாவில் இது வெறும் வேடிக்கைக் கதையாக எனக்குப் படவில்லை. கடைசிச் சாப்பாட்டை இழந்து, நிறைய இருப்பதுபோல் நடித்த கதை. சிலுவையில் அறையப்பட்ட சேவல் ஒன்றைக் கெனெராலிச் வரைந்திருக்கிறார். அதையும் இதையும் சேர்த்து யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன்.

கொப்ரிவ்னிட்சாவில் இன்னொரு தொழிற்சாலையும் இருந்தது. சுற்றுலாப் பிரசுரங்களில் அதற்கு இடம் குறைவு. டானிட்சா, ரசாயன உரத் தொழிற்சாலை. 1941 ஏப்ரலில், உஸ்தாஷாக்கள் ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே, சும்மா கிடந்த அந்தக் கட்டடங்களை முகாமாக்கினார்கள். அவர்கள் ஆட்சியின் முதல் வதைமுகாம் அது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள், ஆட்சியை எதிர்த்த குரோஷியர்கள் எல்லோரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். பலரை இங்கிருந்து கோஸ்பிச் பக்கம் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊருக்கு வாழ்வு கொடுத்தது என்று நான் மேலே எழுதிய அதே தண்டவாளம் இதற்கும் பயன்பட்டது. இப்போது அங்கே நினைவிடம் இருக்கிறது. ஊருக்குள் யூதர்களின் தொழுகைக் கூடமும் இருக்கிறது, தொழத்தான் ஆள் இல்லை. முகாம் இருந்த இடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. குளிரினால் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்றைய நிலவரம்? ஒரே கம்பெனி ஊரைத் தாங்குவது வரமும்தான், பயமும்தான். 2009-இல் பொட்ராவ்காவின் பணத்தைச் சுற்றுவழியில் திருப்பி அதன் பங்குகளையே வளைக்கப் பார்த்தார்கள் என்ற விவகாரம் வெடித்தது. அந்த நிறுவனத்திலிருந்து அரசியலுக்குப் போய்த் துணைப் பிரதமரானவரே பதவி விலக நேர்ந்தது. கம்பெனி தடுமாறினால் ஹேண்ட்பாலும் தடுமாறும், காலரியும் தடுமாறும். நல்லவேளை, நிமிர்ந்துவிட்டது. 2015-இல் ஸ்லோவேனியாவின் ஷிட்டோ நிறுவனத்தை வாங்கியது. 2024-இல் ஃபோர்டெனோவா குழுமத்தின் விவசாயப் பிரிவை வாங்க ஒப்பந்தம் போட்டது. ஜாம் காய்ச்சியவர்கள் இப்போது சோள வயலுக்கே சொந்தக்காரர்கள்.

பழைய ராணுவக் குடியிருப்பு இப்போது பல்கலைக்கழக வளாகம். 2015-இல் தொடங்கிய வடக்குப் பல்கலைக்கழகத்தின் பாதி இங்கே, பாதி வராஷ்டினில். தரை தட்டையாக இருப்பதால் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள், பனியிலும். பாட்டிகள் கைப்பிடியில் பையை மாட்டிக்கொண்டு என்னை மணியடித்து விலக்கிவிட்டுப் போனார்கள். இருந்தாலும் 2011 கணக்கெடுப்பில் முப்பதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2021-இல் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். வேலை இருக்கும் ஊரிலிருந்தே இப்படிப் போகிறார்கள் என்றால் வேலை இல்லாத கிராமங்களைப் பற்றிச் சொல்லவேண்டாம். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அயர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போவது சுலபம். ஸாக்ரெப்பில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பையன்களில் பலர் நேபாளத்துக்காரர்கள், நம் நாட்டுக்காரர்கள். போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் ஒரு பக்கம்.

பிராங்பர்ட் திரும்பியதும் படத்தைப் பிரித்தேன். ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தும் ஒரு மூலையில் மயிரிழை விரிசல். வானத்தில்தான் விரிசல், சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணை நல்லாப் போட்டிருக்கான்" என்றார். "ஆனா சினே, எங்க ஊர்ல சேவல் இவ்வளவு கொழுத்து நான் பார்த்ததே இல்ல."

என்ன விலை கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பணத்துக்கு உயிருள்ள சேவலாகவே பத்து வாங்கியிருக்கலாம் என்றார்.